வனவர் வீட்டுப் பிள்ளை: ரஸாவின் ஊரில் ஏழு நாள்

முதல் நாள்: ரயிலில்

நேற்று மாலை சென்னையில் ஏறினோம். இதை எழுதும்போது நாக்பூர் தாண்டி ஒரு மணி நேரம் ஆகிறது. நாக்பூர் பிளாட்பாரத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அத்தானிடம் சொன்னேன்: "நாம தேடிப் போற ஓவியர் ரஸா இந்த ஊர்லதான் முதல்ல படம் வரையப் படிச்சாரு. 1939-ல." அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி ஜாஸ்தி" என்றார்.

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். முப்பது சொச்சம் வருஷம் வனத்துறையில் இருந்தவர். பாபநாசம், முண்டந்துறை, களக்காடு என்று மலையோரமே வாழ்க்கை. வனவராகச் சேர்ந்து ரேஞ்சராக ஓய்வு பெற்றார். படம் என்றால் அவருக்குக் காலண்டர் முருகன்தான். கான்ஹா புலிகள் காப்பகத்தில் புலி பார்க்கலாம் என்று சொல்லிக் கிளப்பினேன். பொய் இல்லை, கான்ஹாவின் ஒரு பகுதி நாங்கள் போகிற மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான் போகிற காரியம் வேறு.

மத்தியப் பிரதேசத்தில் மண்ட்லா மாவட்டம். அங்கே பாபரியா என்ற காட்டுக் கிராமத்தில் 1922 பிப்ரவரி 22 அன்று பிறந்தவர் சையத் ஹைதர் ரஸா. அப்பா வனத்துறையில் டெபுடி ரேஞ்சர். பையன் பதின்மூன்று வயதில் தமோ என்ற ஊருக்குப் படிக்கப் போனான். அப்புறம் நாக்பூர் ஓவியப் பள்ளி, பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரி. 1947-ல் சூசா, ஹுசேன், ஆரா, கடே, பாக்ரே ஆகியோரோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழு. 1950-ல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போனவர், அறுபது வருஷம் அங்கேயே இருந்துவிட்டார்.

ஓவியத்தோடு கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களுக்கு ரஸா என்றதும் வட்டம் ஞாபகம் வரும். கறுப்பாக ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் முக்கோணம், சதுரம். 1980 வாக்கிலிருந்து அதை விடவே இல்லை. 'பிந்து' என்று பெயர் வைத்தார். வடமொழியில் துளி, புள்ளி என்று பொருள். தமிழில் எழுதினால் விந்து ஆகிவிடும். அந்தச் சொல்லை வைத்து அத்தானுக்கு விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லப்போனால் தமிழ்ச் சொல்தான் ரஸாவுக்குக் கூடுதலாகப் பொருந்தும். அந்த வட்டத்தை விதை என்றுதான் அவர் சொல்லிவந்தார்.

எனக்கு அந்த வட்டங்கள் மேல் மதிப்பு உண்டு, பித்து கிடையாது. கடைசிக் காலத்து வட்டங்களில் பாதி, அச்சு வெல்லம் மாதிரி ஒரே வார்ப்பு. என்னைப் பிடித்து இழுத்தது அதற்கு முந்தின பத்து வருஷம். 'தபோவன்', 'லா தேர்' என்ற பெயர்களில் 1970களில் வரைந்தவை. லா தேர் என்றால் பிரெஞ்சில் மண், பூமி. அவற்றில் மரம் கிடையாது, மலை கிடையாது, அடிவானம் கிடையாது. கறுப்பும் பழுப்பும் குழம்பிக் கிடக்க, ஊடே சிவப்பு, மஞ்சள், எங்கோ ஒரு கீற்றுப் பச்சை. நிலக்காட்சி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எந்த நிலம்? அதைப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தப் பயணம்.

மேல் பர்த்தில் படுத்திருந்த அத்தானிடம் ஒரு 'லா தேர்' படத்தை போனில் காட்டினேன். வெயிலுக்காக வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது ராத்திரியா மாப்ள?"

"அரூப ஓவியம் அத்தான் இது. இதுல ராத்திரி பகல்லாம் கிடையாது."

"அப்படியா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள்: ஜபல்பூர், மண்ட்லா

பேடாகாட்டில் பளிங்குப் பாறைகளுக்கு நடுவே நர்மதை போவதைப் பார்த்தோம். எல்லோரும் எழுதியாயிற்று, நான் என்ன புதிதாய் எழுத. போட்டோவில் இருப்பது போலவே இருக்கிறது. படகுக்கு வரிசை நீளம், திரும்பிவிட்டோம்.

ஜபல்பூரிலிருந்து மண்ட்லாவுக்குப் பஸ். இந்த வழியில்தான் பர்கி அணையின் நீர்த்தேக்கம் கிடக்கிறது. நர்மதையின் மேல் திட்டமிட்ட பெரிய அணைகளில் முதலில் முடிந்தது இது, 1990-ல். மண்ட்லா, சிவனி, ஜபல்பூர் மாவட்டங்களில் 162 கிராமங்கள் இதனால் பாதிக்கப்பட்டன. ரஸா சிறுவனாக இருந்தபோது பார்த்த ஆறு ஓடுகிற ஆறு. அவர் பாரிஸில் உட்கார்ந்து நர்மதையை நினைத்து வரைந்துகொண்டிருந்த வருஷங்களில் இங்கே ஆறு ஏரியாகிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ரங்ரேஜ் காட். துறை என்பதை இங்கே காட் என்கிறார்கள். சாயக்காரர் துறை என்று சொல்லலாம். ஓவியரின் ஊரில் இப்படி ஒரு பெயர் தற்செயலாக வாய்த்திருக்கிறது. படியில் உட்கார்ந்தோம். பெண்கள் இலைத் தொன்னையில் விளக்கு வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் விட்ட விளக்கு இரண்டு படி தள்ளியே ஒதுங்கி நின்றுவிட்டது. அவள் காலால் தள்ளப் பார்த்தாள், அம்மா ஒரு அதட்டல் போட்டாள். நர்மதையைக் காலால் தொடக் கூடாதாம். அப்புறம் இருவரும் முட்டி நனைய இறங்கிக் கையால் தள்ளிவிட்டார்கள். முட்டி நனைந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

ஊரில் ஆறு என்று யாரும் சொல்வதில்லை. நர்மதாஜி. ரஸாவும் அப்படித்தான் சொல்வார். ஷியா முஸ்லிம் வீட்டில் பிறந்தவர், நர்மதையை வணங்கினார், பிரான்ஸில் தேவாலயத்துக்குப் போனார். மூன்றையும் கலந்து ஒன்றாக்கவில்லை, தனித்தனியாகவே வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள்: கபரிஸ்தான்

2010 கடைசியில் ரஸா பிரான்ஸை விட்டு டெல்லிக்கு வந்துவிட்டார். மனைவி ஜானின் மோன்ஜிலா, அவரும் ஓவியர், 2002-லேயே போய்விட்டார். தொண்ணூறை நெருங்கும் வயதில் வீட்டைக் காலி செய்துகொண்டு வருவதென்றால் சும்மா இல்லை. 2016 ஜூலை 23 அன்று டெல்லியில் இறந்தார், 94 வயது. மண்ட்லாவில் அப்பாவின் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே செய்தார்கள்.

காலை எட்டு மணிக்கு அந்த இடுகாட்டுக்குப் போனோம். கார்த்திகைக் குளிர், புல்லில் பனி. ஆட்டோக்காரரே உள்ளே வந்து இடத்தைக் காட்டினார். அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"இதுல அப்பா எது?"

காட்டினார். அத்தான் ஓவியரை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, ஆபீசர் முன்னால் நிற்பது போல.

"டெபுடி ரேஞ்சர்னா 1920-ல என்ன வேலை தெரியுமா? மரம் வெட்டுற கூப்பு, ஏலம், தீ பரவாம வெட்டி விடுற தீக்கோடு, எல்லாம் நடந்தே பாக்கணும். மாசத்துல பாதி நாள் வீட்டுல இருக்க முடியாது. குதிரை குடுத்திருந்தா உண்டு." கொஞ்சம் நிறுத்தி, "டிபார்ட்மென்ட் ஆளு" என்றார். அதற்கு மேல் அவரிடம் மரியாதைச் சொல் இல்லை.

நான் ஓவியர் பக்கம் நின்று வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். பிரிவினையின்போது ரஸாவின் அண்ணன் தம்பிகள், முதல் மனைவி எல்லோரும் பாகிஸ்தான் போய்விட்டார்கள். அம்மா 1947-ல் இறந்தார், அப்பா அடுத்த வருஷம். போயிருக்கலாம், ஆனால் ரஸா போகவில்லை. சிறுவனாக இருந்தபோது மண்ட்லாவுக்கு வந்த காந்தியைப் பார்த்தவர். நாட்டை விட்டுப் போனால் காந்திக்குத் துரோகம் செய்ததாகிவிடும் என்று பின்னாளில் சொன்னார். ஆனால் 1950-ல் பாரிஸ் போய், அறுபது வருஷம் பிரான்ஸில் வாழ்ந்து, இந்தியக் குடியுரிமையை மட்டும் கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

1981-ல் 'மா' என்று ஒரு படம் வரைந்தார். கித்தானின் மேலேயே இந்தியில் ஒரு கவிதை வரி எழுதியிருப்பார், அசோக் வாஜ்பாயியுடையது. திரும்பி வரும்போது உனக்கு என்ன கொண்டுவருவேன் என்று மகன் அம்மாவைக் கேட்கிற வரி. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் போன் பேசி முடிக்கும்போது கேட்கும் அதே கேள்விதான். நம் அம்மாக்கள் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். ரஸா தன்னையே கொண்டுவந்து சேர்த்தார்.

வெளியே வரும்போது ஆட்டோக்காரர் அத்தானை "ரேஞ்சர் சாப்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. அத்தான் மறுக்கவும் இல்லை.

நான்காம் நாள்: ககையா, பிறகு சந்தை

என் மடத்தனம். ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிக்கூடம் பார்க்கப் போனேன். பூட்டியிருந்தது.

ககையா என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளியில்தான் ரஸாவின் அந்தப் பிரபலமான புள்ளி பிறந்தது. பையனுக்கு ஓரிடத்தில் புத்தி நிற்காது, பரபரவென்று இருப்பான். நந்தலால் ஜாரியா என்ற ஆசிரியர் ஒருநாள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, இதையே பார், வேறெதையும் நினைக்காதே என்று உட்கார வைத்துவிட்டார். அந்தப் புள்ளிதான் ஐம்பது வருஷம் கழித்துக் கித்தானில் வந்தது என்று ரஸா எல்லாப் பேட்டியிலும் சொன்னார். அவருடைய 'ஜெஸ்டேஷன்' என்ற 1989-ம் வருஷப் படம் 2023-ல் மும்பை ஏலத்தில் 51.75 கோடி ரூபாய்க்குப் போனது. புள்ளி வைத்த வாத்தியாருக்கு அன்றைக்கு என்ன சம்பளம் இருந்திருக்கும்?

எந்தச் சுவர், எந்தத் தாழ்வாரம் என்று கேட்க ஆளில்லை. கம்பிக் கதவு வழியே எட்டிப் பார்த்ததில் ஒரு கைப்பம்பு, அடியில் ஈரம், ஒரு நாய். திரும்பினோம்.

மண்ட்லா லாட்ஜில் வந்து படுத்தவன், சரி நாமாவது பார்ப்போம் என்று எதிர்ச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்றை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டாவது நிமிஷம் ஓட்டை இரண்டாகி மறுபடி ஒன்றாயிற்று. நாலாவது நிமிஷம் சுற்றியிருந்த சுவர் வெளுத்துப் போய் ஓட்டை மட்டும் நின்றது. அப்புறம்தான் அது நடந்தது: காது திறந்துகொண்டது. கீழே குக்கர் விசில், எங்கோ அரவை மெஷின், பக்கத்து அறைக்காரர் இருமல், அத்தனையும் ஒவ்வொன்றாய்த் தனித்தனியே. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதற்குள் அத்தான் குரல்.

"என்ன மாப்ள, பல்லியா?"

பிற்பகல் இன்னொரு கிராமத்துச் சந்தைக்குப் போனோம். ஹாட் என்கிறார்கள், வாரச் சந்தை. அத்தான் முகம் இங்கே மலர்ந்தது. கோதோ, குட்கி என்று ஒரு கிழவி குவித்து வைத்திருந்ததை அள்ளிப் பார்த்து, "வரகு, சாமை! நம்ம வரகு, சாமைய்யா இது!" என்று அவளிடமே தமிழில் கத்தினார். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். வேகவைத்த சிங்காடா கறுப்பாய்க் கொம்பு முளைத்த காய், குளத்தில் விளைவது. உரித்தால் உள்ளே வெள்ளை. கால் கிலோ வாங்கி நின்றபடியே தின்றோம். மாவும் கிழங்கும் கலந்த ருசி.

சதுரத் துணிகளை விரித்து நடுவே வட்டமாய்க் குவித்த மிளகாய் வற்றல், மஞ்சள், எள். மேலிருந்து பார்க்க... இதோ பிந்து என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அடக்கிக்கொள்கிறேன். மிளகாயை வேறெப்படித்தான் குவிப்பார்கள்?

ஆனால் இப்படிப்பட்ட சந்தையைப் பற்றி ரஸாவே பேசியிருக்கிறார். காட்டில் ராத்திரி பயம் பிடித்து ஆட்டும், கோண்டுப் பழங்குடி மக்களின் ஆட்டம் ஒன்றுதான் மனுஷத் துணை, விடிந்தால் நிம்மதி, சந்தை நாளில் வெயிலில் ஊர் முழுக்க நிறம், அப்புறம் மறுபடி ராத்திரி. பேட்டியில் அவர் சொன்ன வரிசை இது. நான் இத்தனை காலம் சந்தையை மட்டும் நினைவில் வைத்திருந்தேன். பளபளக்கும் அந்தச் சிவப்புக்கும் காவிக்கும் காரணம் கிடைத்துவிட்டதல்லவா, போதும் என்று நிறுத்திவிட்டேன். பல வருஷம் முன்னால் டெல்லியில் கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் அவருடைய 'சௌராஷ்டிரா' ஓவியத்தின் முன்னால் நின்றபோதும் சிவப்பைத்தான் பார்த்தேன். ஆளை விட உயரமான சதுரம், அடுப்பைத் திறந்தது போல் இருந்தது. கறுப்பு இருந்தது. அது ஓரம் கட்டுவதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள்: பாட்டன்கட்

விடியுமுன் கிளம்பி டிண்டோரி வழியாக பாட்டன்கட். டிண்டோரி 1998 வரை மண்ட்லா மாவட்டத்தில்தான் இருந்தது. பாட்டன்கட், கோண்டு மக்களில் பர்தான் பிரிவினரின் ஊர். கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷ்யாம் பிறந்த ஊர்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் தொடங்குவதற்காக ஓவியர் ஜே. சுவாமிநாதன் ஆட்களைக் கிராமம் கிராமமாக அனுப்பினார். 1981-ல் இந்த ஊர் வீட்டுச் சுவரில் ஒரு அனுமார் படத்தைப் பார்த்து, வரைந்தது யார் என்று கேட்க, வந்து நின்றவர் ஜன்கட். இருபது வயது கூட இருக்காது. அவருக்குப் பின் ஊரே வரைகிறது. சுவரில் வெள்ளை மண், செங்காவி, மஞ்சள் மண், கரி. பெண்கள் தரையிலும் சுவரிலும் இடும் டிக்னா கோலத்தை ஒரு வீட்டில் பார்த்தேன், சாணி மெழுகிய ஈரம் காயாமல் இருந்தது.

1989-ல் பாரிஸில் பொம்பிடு மையத்தில் ஒரு பெரிய கண்காட்சி, 'பூமியின் மந்திரவாதிகள்' என்று பொருள் வரும் பெயர். அந்தப் பெயரிலும் 'லா தேர்' உண்டு. ஜன்கட் படங்கள் அதில் இருந்தன. அப்போது ரஸா வாழ்ந்ததும் பாரிஸில்தான். ஒரே மாவட்டத்துக்காரர்கள். ஒருவர் அந்த மண்ணை விட்டுப் போய் அதை வரைந்தவர், மற்றவர் அந்த மண்ணையே குழைத்து வரைந்து வளர்ந்தவர். ஜன்கட் 2001-ல் ஜப்பானில் இறந்தார், ஊர் திரும்ப முடியாமல்.

ரஸாவின் வட்டங்கள் கோண்டுச் சுவரிலிருந்து வந்தவை என்று சிலர் சொல்வதுண்டு. இன்று பார்த்த வரை எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சுவர்களில் ஓர் இடம் காலியில்லை, மானின் கொம்பே மரமாகிறது, புள்ளியும் கோடும் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. பயமே கிடையாது. ராத்திரிக்குப் பழகினவர்கள் வரைந்தது.

ஆறாம் நாள்: கட்டியா

(நேற்று சிக்னல் இல்லை. இது மறுநாள் எழுதுவது.)

கான்ஹாவின் கட்டியா வாயிலுக்கு வெளியே ஒரு விவசாயி வீட்டில் தங்கினோம். முதலில் சஃபாரியை முடித்துவிடுகிறேன்: புலி வரவில்லை. பாரசிங்கா மான் கூட்டமாய்ப் பார்த்தோம். 1970-ல் இந்த மான்கள் வெறும் 66 மிஞ்சியிருந்தன. அங்கிருந்து மீட்டு வளர்த்த கூட்டம் இது. அத்தான் புலியைக் கேட்கவே இல்லை. வழிகாட்டி பையனிடம் என் அரைகுறை இந்தி வழியாகத் தீக்கோட்டின் அகலம், பாரஸ்ட் கார்டு சம்பளம், வேட்டைத் தடுப்பு முகாமில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சால் மரங்களை அண்ணாந்து பார்த்து, "நம்ம பக்கம் இது கிடையாது. ஒரே உயரம், ஒரே நெருக்கம். அடியில வெளிச்சமே இறங்காது போலுக்கே" என்றார்.

ராத்திரி முற்றத்தில் கட்டை போட்டுத் தீ மூட்டியிருந்தார்கள். ஏழரை மணிக்குக் கரண்ட் போயிற்று. நிலா இல்லாத நாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு என்றால் திரை மாதிரி ஒரே கறுப்பு. பத்து நிமிஷத்தில் அது பிரிய ஆரம்பித்தது. வானம் ஒரு கறுப்பு. காடு அதைவிடக் கெட்டியான இன்னொரு கறுப்பு. வைக்கோல் போர் பழுப்புக்குப் பக்கத்திலான கறுப்பு. வீட்டுக்கார அம்மா, எழுபது வயது இருக்கும், கட்டையின் முனையைப் பிடித்து உள்ளே தள்ளினார். ஒரு சிவப்பு எழுந்து, சுவரின் ஒரு மூலையையும் அவர் முழங்கையையும் ஒரு மாட்டின் பாதி முகத்தையும் காட்டிவிட்டு அடங்கியது. முழு உருவம் எதுவும் இல்லை. துண்டு துண்டாய் நிறம் மட்டும் வந்து வந்து போயிற்று. ஒரு தரம் சாம்பலுக்கு அடியில் பச்சையாய்க்கூட ஒரு நாக்கு.

காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், தகரத்தில் அடித்தது போல.

"மிளா மான்" என்றார் அத்தான் மெதுவாக. "சும்மா கத்தாது. ஏதோ நடமாட்டம்."

நான் நாற்காலியைத் தீப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அத்தான் சிரிக்கவில்லை.

"முண்டந்துறை குவார்ட்டர்ஸ்ல உங்கக்காவும் பாப்பாவும் தனியா இருப்பாங்க. நான் ரோந்து சுத்த பீட்டுக்குப் போயிருவேன். அப்பம்லாம் அங்க கரண்ட் இருந்தா இருக்கும், இல்லன்னா இல்ல. உங்கக்கா லாந்தர் திரிய குறைக்கவே விட மாட்டா. குறைச்சா வீடு எங்க முடியுது, காடு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது மாப்ள. சுவரு இருந்தும் இல்லாத மாதிரி. பாப்பா ராத்திரி எந்திரிச்சு, 'அம்மா, காடு உள்ள வந்துட்டு'ன்னு அழுவா."

காடு உள்ளே வந்துவிட்டது. மரம் இல்லை, மலை இல்லை, அடிவானம் இல்லை. நான் ரயிலில் பெருமையாய் எழுதியது இதைத்தான், ஏதோ பாரிஸ் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு.

பாரிஸ் சமாச்சாரமும் உண்டு, இல்லாமலில்லை. 1948-ல் காஷ்மீரில் ரஸாவின் படங்களைப் பார்த்த புகைப்படக்காரர் கார்த்தியே ப்ரெசோன், உன் படத்தில் கட்டுமானம் இல்லை, ஓவியர் செசானின் படங்களைப் போய்ப் பார் என்றார். அதற்காகத்தான் பிரான்ஸ் போனதே. போய், வீடுகளும் தெருக்களுமாகக் கட்டிக் கட்டி வரைந்தார். 1956-ல் அங்கே விமர்சகர்கள் பரிசு கிடைத்தது, பிரெஞ்சுக்காரரல்லாத ஒருவருக்கு முதல் தடவையாக. அந்தக் கிராமப் படங்களின் வானத்திலேயே கறுப்புச் சூரியன் வந்துவிட்டது. வேலை அதோடு முடிந்திருக்கலாம். 1962-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லிக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கே அமெரிக்க ஓவியர் ரோத்கோவின் படங்களைப் பார்த்து, உருவமே இல்லாமல் நிறத்தை மட்டும் நம்பி நிற்கலாம் என்ற துணிச்சல் வந்தது. அதன் பிறகுதான் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாய்க் கரைந்தன. செசானிடம் கட்டக் கற்றுக்கொண்டார், ரோத்கோவைப் பார்த்து அவிழ்க்கக் கற்றுக்கொண்டார். எல்லாம் அவிழ்ந்த பிறகு அடியில் கிடந்தது, டெபுடி ரேஞ்சர் பீட்டுக்குப் போன ராத்திரியில் வீட்டில் விழித்துக் கிடந்த பையன்.

கறுப்புதான் எல்லா நிறத்துக்கும் தாய் என்று ரஸா சொல்வார். தத்துவம் என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தேன்.

அந்த அம்மா மறுபடி கட்டையைத் தள்ளினார். பேரன் ஒருவன் அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தான். அவன் கன்னத்தில் மட்டும் வெளிச்சம். பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. முற்றத்து டியூப் லைட் இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வைக்கோல் போர், மாடு, பிளாஸ்டிக் நாற்காலி, வேலி, வேலிக்கு அப்பால் காடு.

ஏழாம் நாள்: திரும்பும் ரயிலில்

ஜபல்பூரில் ரயில் மூன்று மணி நேரம் தாமதம். அத்தான் அக்காவுக்காக ஒரு கிலோ குட்கி வாங்கியிருக்கிறார், சாமை என்று சொன்னால் நம்ப மாட்டாள், அங்கே கிடைக்காததா என்று கேட்பாள், ஆகவே குட்கி என்றே சொல்லப்போகிறாராம்.

இட்டார்சி தாண்டியதும் கீழே எல்லோரும் விளக்கை அணைத்தார்கள். மேல் பர்த்திலிருந்து கை நீண்டது.

"அந்தப் படத்தை எடு மாப்ள."

எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் பளிச்சென்று நீலமாய்த் தெரிந்தது. கண்ணைச் சுருக்கினார்.

"இது ரொம்ப வெளிச்சமா இருக்கு. குறைக்க எப்படி?"

எழுந்து நின்று, விரலால் இழுத்துக் காட்டினேன். அவரே இழுத்தார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், திரை அணையப் போகிற அளவுக்கு. அவர் முகம் மறைந்துவிட்டது. கையில் அந்தச் சிவப்பு மட்டும் கிடந்தது.

"ம்" என்றார். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் கடைசிப் பதிவை நான் எழுத வேண்டியிருந்தது, ஆனாலும் கேட்க மனசு வரவில்லை. காலையில் தூங்கி எழுந்தபின் வாங்கி எழுதுகிறேன். இப்போது விஜயவாடா வரப்போகிறது.